எதிராளி வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு வாக்கியம்

நம் அலுவலகங்களில் ஒருவரைக் காட்டி “அவர் ரொம்ப டிப்ளமேட்டிக்” என்று சொன்னால் அது பாராட்டாக இருப்பதில்லை. பிடி கொடுக்காமல் பேசுகிறவர், யாரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளாதவர், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்றுதான் அதற்குப் பொருள். மறுபக்கம் ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று பேசுகிறவர் இருப்பார். நேர்மையானவர் என்ற பெயர் அவருக்குத்தான். அவர் பேசி முடித்த பிறகு யாருடைய வேலை நின்றது, எந்த ஒப்பந்தம் முறிந்தது, எந்த நல்ல ஆள் ராஜினாமா எழுதினார் என்பதை யாரும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தத் தராசு எனக்கு வெகுநாளாக ஒப்பவில்லை. ‘ராஜதந்திரம்’ என்று சொல்லிச் சொல்லி, அதிலுள்ள தந்திரம் மட்டுமே நம் காதில் நிற்கிறது போலும். பழைய உரைகளில் பகைத்த இருவரை இணங்க வைப்பதற்குச் ‘சந்து செய்தல்’ என்று பெயர். சந்து என்றால் மூட்டு. இரண்டு எலும்பும் அசைய வேண்டும், ஆனால் விலகிப் போய்விடக் கூடாது.

இனிமையாகப் பேசுவது இந்த வேலையில் சிறு பங்குதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. பெரும்பங்கு வேலை அங்கேதான். நாட்டுத் தலைவருக்கு அந்த வீடு அவருடைய ராணுவம், கட்சி, பத்திரிகைகள். உற்பத்தி மேலாளருக்கு அவருடைய ஃபோர்மேன்கள். தொழிற்சங்கச் செயலாளருக்கு வாயிற்கூட்டத்தில் காத்து நிற்கும் உறுப்பினர்கள். நம்மிடம் ‘சரி’ என்று சொல்லிவிட்டு அவர் அங்கே திரும்பிப் போக வேண்டும். போய் என்ன சொல்வார்? அந்த ஒரு வாக்கியத்தை அவருக்காக நாம் யோசித்து வைக்காவிட்டால், நம் கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அவரால் ‘சரி’ சொல்ல முடியாது.

1962 அக்டோபர் 27, சனிக்கிழமை

கியூபா ஏவுகணை நெருக்கடியின் கதை, அதாவது கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்த கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் ‘யார் முதலில் கண் இமைத்தார்’ என்ற பந்தயமாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் நடந்ததை வரிவரியாகப் பார்த்தால் அது சொற்களைத் தேர்ந்தெடுத்த கதை. அக்டோபர் 22 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தொலைக்காட்சியில் பேசியபோது ‘முற்றுகை’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘குவாரண்டைன்’ என்றார். சர்வதேசச் சட்டப்படி முற்றுகை ஒரு போர்ச் செயல். அதை அறிவித்தால் எதிரி பதிலடி கொடுத்தே தீர வேண்டும். குவாரண்டைன் என்றால் ஆயுதம் ஏற்றிவரும் கப்பலை மட்டும் நிறுத்துவது. கடலில் நின்ற போர்க்கப்பல்கள் அதே கப்பல்கள்தான். பெயர் மாறியதால் சோவியத் கப்பல்கள் மெதுவாகத் திரும்பிப் போக வழி கிடைத்தது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பணிக்கு வராத ஊழியரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போடுவது வேறு, பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பது வேறு. இரண்டும் ஒரே தவறுக்காக இருக்கலாம். 17(ஆ) கொடுத்த நாளிலிருந்து அவருடைய பதவி உயர்வு தொங்கலில் நிற்கும். அவர் சங்கத்துக்கும் வழக்கறிஞரிடமும் போவார். கொடுத்த அதிகாரியே நினைத்தாலும் அதைச் சும்மா திரும்பப் பெற முடியாது. ஆள் வேலைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், முதல் படி இறங்கி வரக்கூடிய படியாக இருக்க வேண்டும். தண்டிப்பதுதான் நோக்கம் என்றால் அது வேறு கணக்கு. எது நோக்கம் என்று முடிவு செய்யாமலே கையெழுத்துப் போடுவதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

கதைக்குத் திரும்புவோம். அக்டோபர் 26 அன்று சோவியத் தலைவர் குருஷ்சேவிடமிருந்து நீண்ட, உணர்ச்சி மிகுந்த கடிதம் ஒன்று வந்தது. போர் என்ற முடிச்சு விழுந்த கயிற்றின் இரு முனைகளையும் நீங்களும் நாங்களும் இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகும் என்று அதில் எழுதியிருந்தார். கியூபாவின் மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா உறுதி தந்தால் சோவியத் ஆயுதங்கள் அங்கே இருக்கத் தேவையில்லை என்பது சாரம். மறுநாள் காலை மாஸ்கோ வானொலியில் இரண்டாவது கடிதம். இதில் தொனி இறுகிவிட்டது. துருக்கியில் உள்ள அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் என்ற புதிய நிபந்தனை. அன்றைக்கே கியூபாவின் மேல் பறந்த அமெரிக்காவின் யு-2 வேவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். பதிலடி கொடுத்தாக வேண்டும் என்ற குரல்கள் வெள்ளை மாளிகைக்குள் உயர்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. பேச்சுவார்த்தையால் இந்த ஏவுகணைகள் வெளியேறப் போவதில்லை என்ற நினைப்புக்கு கென்னடி வந்திருந்தார். அப்போது லெவெலின் தாம்சன் குறுக்கிட்டார். 1957 முதல் 1962 வரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். குருஷ்சேவை அவருடைய குடும்பத்தோடு சேர்த்து அறிந்தவர். குடியரசுத் தலைவரிடம் நேரடியாக, நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்றார். காரணமும் சொன்னார்: குருஷ்சேவுக்கு முக்கியமானது, ‘நான் கியூபாவைக் காப்பாற்றினேன், ஒரு படையெடுப்பைத் தடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிவதுதான்.

இந்த ஒரு குறுக்கீட்டில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, அறையிலேயே பெரிய பதவியில் இருந்தவரிடம் ஒருவர் ‘இல்லை’ என்றார். டிப்ளமேட்டிக் என்றால் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழில்முறைத் தூதர் செய்த மிகப் பெரிய வேலை அந்த மறுப்பு. இரண்டு, எதிரியின் ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்த அறையில், எதிரி தன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒருவர் உரக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு வேறு பாதையில் போனது.

கென்னடியின் பதிலில் முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் சொல்லி இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. 26ஆம் தேதிக் கடிதத்தைக் கவனமாகப் படித்தேன் என்று தொடங்கி, ‘நான் புரிந்துகொண்ட வகையில் உங்கள் யோசனைகளின் முக்கிய அம்சங்கள் இவை, பொதுவாக ஏற்கத்தக்கவை’ என்று சொல்லி, அந்த அம்சங்களைத் தமக்கு வேண்டிய வடிவில் வரிசையாக எழுதினார்கள். குருஷ்சேவ் கோடிட்டுக் காட்டியதைத் தெளிவான சலுகையாக்கி, அதை அவருடைய யோசனையாகவே அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது கடிதத்துக்குக் கடைசியில் ஒரு வாக்கியம் ஒதுக்கினார்கள்: இது தீர்ந்தால், நீங்கள் வெளியிட்ட இரண்டாம் கடிதத்தில் சொல்லும் ‘மற்ற ஆயுதங்கள்’ குறித்தும் பேசலாம். அந்த வாசலை மூடவில்லை.

அன்று மாலை கென்னடியின் தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி நீதித்துறையில் இருந்த தன் அலுவலகத்துக்கு சோவியத் தூதர் தோப்ரீனினை அழைத்தார். துருக்கி ஏவுகணைகள் நான்கைந்து மாதங்களில் போய்விடும், ஆனால் இதைப் பகிரங்கமாகச் சொல்ல முடியாது என்றார். 28ஆம் தேதி, ஏவுகணைகளைப் பிரித்துத் திரும்பக் கொண்டுபோகிறோம் என்று மாஸ்கோ வானொலி அறிவித்தது. துருக்கியிலிருந்த 15 ஜூபிடர்களும் 1963 ஏப்ரலில் அகற்றப்பட்டன.

மென்மையான மடல், கடுமையான மடல்

இதே நிலைமை சாதாரண வேலைநாளில் அடிக்கடி வருகிறது. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரின் திட்ட மேலாளர் ஒரு மடல் அனுப்புகிறார்: தாமதம் புரிகிறது, முதல் இரண்டு பகுதிகளையாவது மாத இறுதிக்குள் கொடுத்தால் சமாளிக்கலாம். சனிக்கிழமை அதே ஆளிடமிருந்து இன்னொரு மடல்: அபராதப் பிரிவைப் பயன்படுத்தப் போகிறோம், நம் மேலதிகாரி, அவருடைய மேலதிகாரி எல்லோருக்கும் சிசி. இடையில் நடந்தது பெரும்பாலும் ஒன்றுதான். அவர் வீட்டில் யாரோ அவரைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது மடல் நமக்கு எழுதியது போலத் தெரிந்தாலும் சிசியில் இருப்பவர்களுக்காக எழுதியது.

அப்போது செய்ய வேண்டியது இது. ‘ரிப்ளை ஆல்’ போடாமல் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு வெள்ளிக்கிழமை மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். ‘உங்கள் மடலிலிருந்து நான் புரிந்துகொண்டது’ என்று தொடங்கி, அவர் தளர்வாகச் சொன்னதைத் தேதி, அளவு, பொறுப்பாளர் என்று மூன்று நான்கு வரியில் கெட்டியாக்குங்கள். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதக் கூடாது. சொன்னதற்கு விளிம்பு கட்டலாம். அபராதத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: இந்தத் தேதிகள் தவறினால் அந்தப் பிரிவைப் பற்றி உட்கார்ந்து பேசத் தயார். கடைசியில், அவர் தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பக்கூடிய ஒரு வரி இருக்க வேண்டும். ‘உங்கள் தலையீட்டுக்குப் பிறகு முதல் பகுதிக்கு இரண்டு பேரைக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம்’ என்பது போல. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆளை ஒதுக்காமல் வரியை மட்டும் எழுதினால் அடுத்த வாரம் இரண்டு பேருடைய வீட்டிலும் தீப்பிடிக்கும்.

சிசி போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலதிகாரியைச் சிசியில் சேர்ப்பது எல்லையில் படை குவிப்பதற்குச் சமம். சில நேரம் தேவைதான். ஆனால் குவித்த பிறகு எதிராளி தன்னுடைய ஆட்களின் கண்முன்னால்தான் இறங்கி வர வேண்டியிருக்கும், அதனால் இறங்க மாட்டார். தனியாகப் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் ‘என் பக்கம் தவறு, சரி செய்கிறேன்’ என்றிருப்பவர், நான்கு பேர் பார்க்கும்போது மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதுவார்.

ஒரே தாள், 23 வரைவுகள்

இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே விரும்பாதபோது மேற்சொன்னது போதாது. அதற்கு 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை கேம்ப் டேவிட்டில் நடந்ததைப் பார்க்கலாம். சமாதானம் பேச அங்கே வந்த எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் முதல் சில நாள் நேருக்கு நேர் பேசினார்கள், சண்டைதான் மிச்சம். பிறகு, அவர்களை அழைத்திருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் இருவரையும் பெரும்பாலும் தனித்தனியாகவே சந்தித்தார். அமெரிக்கக் குழு ஒரே ஒரு வரைவை எழுதியது. அதை ஒரு பக்கத்திடம் காட்டி, எங்கே உறுத்துகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, திருத்தி, அடுத்த பக்கத்திடம் கொண்டுபோனார்கள். இப்படி 23 வரைவுகள். எகிப்தின் உசாமா அல் பாஸ், இஸ்ரேலின் அஹரோன் பராக் இருவரோடும் கார்ட்டரே உட்கார்ந்து சொல் சொல்லாகப் பார்த்தார்.

இந்த முறையின் உயிர் கேள்வியில் இருக்கிறது. ‘இதை ஏற்கிறீர்களா’ என்று கேட்டால் எதிராளி ‘இல்லை’ என்பார், ஏற்பது இழப்பு. ‘இதில் என்ன தவறு’ என்று கேட்டால் குறை சொல்வார், அது எல்லோருக்கும் எளிது. குறை சொல்லச் சொல்லத் தாளில் அவருடைய சொற்களும் கலந்துவிடுகின்றன. விற்பனைப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் இடையே ஆர்டர் நேரம் பற்றித் தீராத சண்டை என்றால், இருவருக்கும் பொதுவான ஒருவர், தரக் கட்டுப்பாட்டிலோ கணக்கிலோ இருப்பவர், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத வரைவை எழுதட்டும். மேலே வரைவு எண்ணும் தேதியும் போடட்டும். தாளைத் தனித்தனியாகக் காட்டட்டும், மடலில் அனுப்பக் கூடாது. குறையைக் கேட்கும்போது வாதாடாமல் எழுதிக்கொள்ளட்டும். சம்மதம் கேட்பது கடைசி வரைவில் மட்டும், அதுவும் ஆம் அல்லது இல்லை. இது கெடும் விதம் பெரும்பாலும் இரண்டு: எழுதியவருக்கே தன் வரைவின் மேல் பாசம் வந்து பாதுகாக்கத் தொடங்கிவிடுவது, யாரோ ஒருவர் கோப்பை நகலெடுத்துத் தன் பதிப்பைச் சுற்றுக்கு விடுவது. இரண்டு பதிப்பு வந்த நிமிடமே பழைய சண்டை திரும்பிவிடும்.

எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாயில் இருந்த யூதக் குடியேற்றங்களைக் கலைப்பதுதான் பெகினுக்கு விழுங்க முடியாதது. தன் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் சொல்லியிருந்தார். அதற்குக் கிடைத்த வழி, அவர் சம்மதிக்க வேண்டாம், விஷயத்தை நாடாளுமன்றத்தின் வாக்குக்கு விடட்டும் என்பது. செப்டம்பர் இறுதியில் 84க்கு 19 என்று இஸ்ரேல் நாடாளுமன்றமான கெனெசெட் ஒப்புக்கொண்டது. பெகின் வீட்டுக்கு எடுத்துப்போன வாக்கியம் ‘நான் முடிவு செய்யவில்லை, நாடு முடிவு செய்தது’ என்பதுதான்.

வாய்ச்சொல் எங்கே போதும்

கேம்ப் டேவிட்டில் தவறியதும் ஒன்று உண்டு. கடைசிக்கு முந்தைய இரவு, மேற்குக் கரையில் புதிய குடியேற்றங்களை நிறுத்துவது பற்றி வாய்வார்த்தையாகப் பேசினார்கள். பாலஸ்தீன சுயாட்சிப் பேச்சு முடியும் வரை நிறுத்துவதாக பெகின் ஒத்துக்கொண்டார் என்று கார்ட்டர் புரிந்துகொண்டார். மூன்று மாதம் மட்டுமே என்றார் பெகின். கையெழுத்து விழா நெருங்கிவிட்டது. அந்த வாக்கை எழுத்தில் பதிக்கும் கடிதம் சரியாக வராமலே விழா நடந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு குடியேற்றங்கள் தொடர்ந்தன.

துருக்கி ஏவுகணை வாக்கும் வாய்ச்சொல்தான். தோப்ரீனின் அதை எழுத்தில் பதிக்கக் கடிதம் கொண்டுவந்தபோது ராபர்ட் கென்னடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. ஒன்று நின்றது, மற்றது நிற்கவில்லை, ஏன்? என் கணிப்பு இது: ஏவுகணையை அகற்றுவது ஒருமுறை செய்து முடிக்கும் காரியம், கெடு உண்டு, செய்தார்களா இல்லையா என்று வானிலிருந்தே பார்த்துவிடலாம். குடியேற்றத்தை நிறுத்துவது நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய நடத்தை. எப்போது முடியும் என்பதிலேயே இருவருக்கும் இரண்டு எண்ணம். ஒருமுறைக் காரியம் வாய்ச்சொல்லில் ஓடும். தொடர் நடத்தைக்குத் தாள் வேண்டும். ‘இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கொடுங்கள், அடுத்த வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது வாய்ச்சொல்லில் போகலாம். ‘இனிமேல் சனிக்கிழமை உங்களைக் கூப்பிட மாட்டேன்’ என்பது அன்று மாலைக்குள் ஒரு வரி மடலாக வந்தே ஆக வேண்டும், எத்தனை வாரம் என்பதோடு.

அறைக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவு சொன்னபிறகு, சமரசத்தின் மீது வைக்கப்படும் மிகப் பெரிய குற்றச்சாட்டைத் தவிர்க்க முடியாது. போரைத் தவிர்க்க ஹிட்லரின் ஜெர்மனிக்கு நிலம் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1938இல் மியூனிக்கில் கையெழுத்தானபோது செக்கோஸ்லோவாக்கியாவின் பிரதிநிதிகள் பேச்சில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வெளியே காத்திருந்தார்கள், நிலம் அவர்களுடையது. கியூபா விஷயத்திலும் அந்நாட்டுத் தலைவர் காஸ்ட்ரோவைக் கேட்காமல்தான் குருஷ்சேவ் முடிவெடுத்தார்; துருக்கியைக் கேட்காமல்தான் ஜூபிடர்களை விட்டுக்கொடுத்தார்கள். கேம்ப் டேவிட்டில் பாலஸ்தீனர்களின் எதிர்காலம் பேசப்பட்டது, பாலஸ்தீனர் ஒருவரும் இல்லை. மென்மையாகப் பேசியதால் மியூனிக் கெட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விலையைக் கொடுப்பவர் வெளியே நிற்க, மற்றவர்கள் உள்ளே கைகுலுக்கியதுதான் அதன் ஊழல்.

தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் பழகியவர்கள் இதை வேறு மொழியில் அறிவார்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நடப்பில் இருந்தபோது, நிர்வாகமும் சங்கமும் தாமே பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டியது. சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும், பின்னால் சேருகிறவரையும் கட்டியது. சிறுபான்மைச் சங்கத்தை வெளியே வைத்து 12(3) போட்டால் சட்டம் காப்பாற்றியது, ஷாப் ஃப்ளோர் காப்பாற்றவில்லை. கையெழுத்துக்கு முன்பு அவர்களையும் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டு வரைவைக் காட்டுகிற நிர்வாகங்களில் அடுத்த மூன்று நான்கு வருடம் ஓரளவு அமைதியாக ஓடும்.

சமரசமே கூடாத இடங்களும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு வழி விடுகிறது. பணத்தை அடிப்படையாக வைத்துத் தீர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ‘கொஞ்சம் டிப்ளமேட்டிக்காக முடித்துவிடலாம்’ என்று மனிதவளத் துறையிலிருந்து யாராவது முதலில் வாய் திறந்தால் அதுவே தவறு. கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது மட்டும்.

கியூபா நெருக்கடி முடிந்த அன்று, வெற்றி என்று யாரும் மார்தட்டக் கூடாது என்று கென்னடி தன் ஆட்களிடம் சொல்லிவைத்தார். ஆனால் துருக்கி விஷயத்தை மறைத்ததற்கு வேறொருவர் விலை கொடுத்தார். ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த அட்லாய் ஸ்டீவன்சன், நெருக்கடியின் முதல் வாரத்திலேயே துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுத்துப் பேசலாம் என்று கூட்டத்தில் சொன்னவர். டிசம்பரில் ஒரு பெரிய வார இதழ், பெயர் சொல்லாத ஓர் அதிகாரியை மேற்கோள் காட்டி, ‘அட்லாய் ஒரு மியூனிக்கை விரும்பினார்’ என்று எழுதியது. அதே ஏவுகணைகளை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதை அறிந்தவர்கள் வெள்ளை மாளிகையில் இருந்தார்கள். யாரும் வெளியே சொல்லவில்லை. ஸ்டீவன்சன் 1965இல் லண்டன் தெருவில் மயங்கி விழுந்து இறந்தார். துருக்கி பற்றிய வாக்கு உடன்பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது என்று கென்னடியின் உதவியாளர் சோரன்சன் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது 1989இல், மாஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில்.